வேந்தன் சொன்ன உதய்ப்பூர்

யசோதாக்கா தான் போயே இராத ஊருக்கு வழி சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் பெங்களூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். எனக்கு ரிசப்ஷன், அவளுக்கு வார்டில் ஆயா வேலை. நான் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். அவள் வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவாள். ஒரு நாள் முட்டி ஆபரேஷனுக்காக ராஜஸ்தானிலிருந்து ஓர் அம்மா வந்து படுத்திருந்தார். ஃபைலில் கையெழுத்து வாங்க நான் வார்டுக்குப் போனபோது, யசோதாக்கா படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே தன் உடைந்த இந்தியில் அந்தம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜகதீஷ் கோயிலுக்குப் பக்கத்திலா உங்கள் வீடு, முப்பத்திரண்டு படியாச்சே, இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஏறினீர்கள் என்று. அந்தம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்போது உதய்ப்பூர் வந்தாய் என்று கேட்டார்.

"நான் வந்ததில்லம்மா. எங்க வீட்டுக்காரர் பாத்திருக்கார்" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னபோது அவள் முகத்திலிருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்காரர் பெயர் வேந்தன். அவர் இறந்து அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அக்கா அவரைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். பேசினால் இரண்டே விதம்தான். ஒன்று, "பொய்யன்" என்பாள். இல்லையென்றால் உதய்ப்பூரில் அவர் பார்த்ததை எல்லாம் சொல்வாள். மற்றதெல்லாம் கோரமண்டலுக்கும் பங்காருப்பேட்டைக்கும் நடுவே, பல நாள், துண்டு துண்டாக நான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் ஊர் தங்கச் சுரங்க ஊர். யசோதாக்கா பிறந்தது அங்கே ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அப்பா சுரங்கத்துக்குள் செத்தார். ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். ஒரு மத்தியானம் வீட்டுத் தரை ஆடியது, அடுக்கி வைத்த தட்டுகள் சத்தம் போட்டன. அவள் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே இவளும் ஓடினாள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் ஆட்கள் இறங்கினார்கள், அப்பா மட்டும் இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

அப்படிப்பட்டவளைச் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த வேந்தனுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அப்போது வேறு எந்த மாப்பிள்ளை இருந்தான்? வேந்தன் ஷிஃப்ட் முடிந்து வீட்டு வாசலில் கால் வைக்கும் வரைக்கும் அக்கா சாப்பிட மாட்டாள். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே சுரங்க வாசலில் நின்று அழுதது.

"எல்லாரும் அழுதாங்க. நான் வீட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கினு சிரிச்சேன்டி. இனிமே அந்தாளு கீழ எறங்க மாட்டாரில்ல?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே அவரிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். வேறு எந்த வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, பூமிக்குள் மட்டும் இனி இறங்கக் கூடாது. வேந்தன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மகள் தென்றலுக்கு அப்போது இரண்டு வயது.

பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஒத்துவரவில்லை. ஒரு கோடவுனில் மூட்டை தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் இப்படியே போனது. அப்போதுதான் உதய்ப்பூர் பக்கம் ஒரு துத்தநாகச் சுரங்கத்துக்குக் காண்ட்ராக்டில் எங்கள் ஊர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவருடைய சிநேகிதர், எங்கள் ஊர் நந்திதுர்க்கில் இருந்த சிவகுமார் முதலில் பெயர் கொடுத்தார். பிறகு வேந்தனும்.

"ஸ்டோர்ல தான் யசோ வேலை. சாமான் எடுத்துக் குடுத்து எழுதி வெக்கணும், அவ்ளோதான். மேலதான்" என்றார்.

இரண்டே வருடம், திரும்பி வந்துவிடுவேன் என்றும் சொன்னார். அக்கா நம்பினாள்.

கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் ஹரோல்ட் என்ற ஆங்கிலோ-இந்தியர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போன் வரும். ஹரோல்ட் அங்கிள் அக்காவுக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைப்பார். முதல் இரண்டு வாரம் இருவராலும் எதுவும் பேச முடியவில்லை. அக்கா அழுவாள், அவர் "பாப்பா சாப்பிட்டாளா, பாப்பா சாப்பிட்டாளா" என்று அதையே கேட்பார். மூன்றாம் வாரம் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"யசோ, இன்னிக்கு அரமனைய பாத்தேன். சுவத்துல மயிலு கீது. வரஞ்ச மயிலு இல்ல. கண்ணாடித் துண்டு பதிச்சி செஞ்சது. ஒரே மயிலுக்கு ஆயிரக்கணக்குல துண்டு."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இடம். முப்பத்திரண்டு படி உள்ள கோயில். மேகமே இல்லாமல் மழைச் சத்தம் கேட்கிற தோட்டம். ஏரி நடுவில் கல் யானைகள் வரிசையாக நிற்கிற தீவு. அந்தத் தீவுக்குப் படகில் போனதை மட்டும் அவர் இரண்டு வாரம் சொன்னார். தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும், தூரத்தில் இருக்கிற மலை தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும் என்றார். யாரோடு போனீர்கள் என்று கேட்டால், "தனியாத்தான். அடுத்த தடவ நீயும் பாப்பாவும் கூட" என்பார்.

அக்கா வீட்டுக்கு வந்து, கேட்டதையெல்லாம் மகளுக்குச் சொல்லுவாள். தென்றல் ராஜா ராணிக் கதை கேட்டு வளரவில்லை. இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

இரண்டாயிரத்து நான்கு மே மாதம் புத்த பூர்ணிமாவுக்கு வேந்தன் பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, போன் வரக்கூடாத நாளில், ஹரோல்ட் அங்கிள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உதய்ப்பூரிலிருந்து பேசினார்கள் என்றார். சுரங்கத்துக்குள் கூரைப் பாறை விழுந்துவிட்டது என்றார்.

"அங்கிள், யாருக்கோ சொல்ல வேண்டியத எனக்கு சொல்றீங்க. அவரு மேல தானே கீறாரு" என்றாள் அக்கா.

ஹரோல்ட் அங்கிள் அவளைப் பூத்துக்கு அழைத்துப் போனார்.

அவ்வளவு தூரம் உடம்பைக் கொண்டுவர முடியாது, அங்கேயே எரித்துவிடலாமா என்று போனில் கேட்டார்கள். அதே ஸ்டூலில் உட்கார்ந்து சரி என்று சொன்னாள். ஒரு வாரம் கழித்து சிவகுமார் சாம்பலையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்தார். போன முதல் நாளிலிருந்தே இருவருக்கும் கீழேதான் வேலை என்பதை அன்றுதான் சொன்னார். அக்கா அவரை உள்ளே கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இவன்தான் அவரை இட்டுக்கினு போனான், இவன்தான் எறக்கினான் என்று மனதில் இருந்தது.

பெட்டியில் இரண்டு பேண்ட், ஒரு குவளை, புத்தர் படம், ஓர் ஆங்கிலப் புத்தகம். அட்டையில் அரண்மனை. உதய்ப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் அது. அக்கா எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள், ஆங்கிலம் ஓடாது. ஆனால் பக்க ஓரங்களில் வேந்தன் பென்சிலால் எழுதியிருந்த தேதிகளைப் படிக்க முடிந்தது. மயில் படம் உள்ள பக்கத்தில் ஒரு தேதி. யானைத் தீவுப் பக்கத்தில் ஒரு தேதி. எந்தெந்த நாளில் எங்கெங்கே போனார் என்று குறித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"சத்தியம் பண்ணி பொய் சொன்னாரு. அத நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனா அந்த ஒன்னர வருஷத்துல ஞாயித்துக்கிழமையாவது வெளிச்சத்துல சுத்தினாரு. நல்லத கண்ணால பாத்தாரு. அத நெனச்சித்தான் நான் தூங்கறேன்" என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள்.

தென்றல் பி.காம். முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பார்த்த ஊரை அம்மாவோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். அக்கா முதலில் மாட்டேன் என்றாள். ஆனால் லீவு எழுதிக் கொடுத்தது முதல் ஆளே மாறிவிட்டாள். ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் உதய்ப்பூரைப் பற்றிச் சொன்னாள். புதுச் செருப்பு வாங்கினாள். பழைய புத்தகத்துக்குப் பிரவுன் தாள் அட்டை போட்டாள்.

இரண்டு ராத்திரி ரயில் பயணம். இரண்டாம் நாள் தென்றல் பொழுது போகாமல் அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். சின்ன வயதில் படம் பார்த்ததோடு சரி, வரி வரியாகப் படித்ததில்லை. கண்ணாடி மயிலைப் பற்றிப் படித்தபோது, அம்மா சொல்லிச் சொல்லித் தனக்கு மனப்பாடமான அதே வாக்கியங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மழைச் சத்தத் தோட்டமும் அப்படியே. மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதும் அப்படியே. அப்பா நேரில் பார்த்தாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் தேதி இருக்கிறதே, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார், சொல்லும்போது புத்தகத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டிருப்பார் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

உதய்ப்பூரில் இறங்கியதும் அக்காவைப் பிடிக்க முடியவில்லை என்று தென்றல் என்னிடம் சொன்னாள். ஐம்பது வயதில் சின்னப் பெண் மாதிரி முன்னால் நடந்திருக்கிறாள். ஜகதீஷ் கோயில் படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஏறி, முப்பத்திரண்டு வந்ததும் திரும்பிப் பார்த்து, "பாத்தியா? உங்கப்பா சொன்னா சொன்னதுதான்" என்றாளாம். அரண்மனையில் கண்ணாடி மயிலுக்கு முன்னால் போட்டோ எடுக்கக்கூட விடாமல் ஐந்து நிமிடம் நின்றாள். தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீரூற்றுச் சத்தத்தைக் கேட்டாள்.

"புக்குல இன்னா போட்டிருக்கான், படி" என்று கேட்டாள். தென்றல் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, யார் கட்டியது, எந்த வருடம் என்று மட்டும் சொல்லி மூடிவிட்டாள். அப்பா சொன்ன வரிகளை வாசிக்கவில்லை.

ஏரிக்குச் சாயங்காலம் போனார்கள். படகுக்காரர் அறுபது வயது ஆள், நல்ல பேச்சுக்காரர். படகு கொஞ்ச தூரம் போனதும் அக்கா குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட இந்தியில், தன் வீட்டுக்காரரும் இதே ஏரியில் படகில் போயிருக்கிறார், இருபது வருடத்துக்கு முன்னால் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னாள். மகளிடமிருந்து புத்தகத்தை வாங்கி யானைத் தீவுப் பக்கத்தைத் திறந்து தேதியையும் காட்டினாள். 14-9-03.

படகுக்காரர் தேதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டாயிரத்து மூணா? இருக்காது தங்கச்சி. அப்ப இந்த ஏரியில தண்ணியே இல்ல."

தனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்று அக்கா மகளைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தேதி மாறியிருக்கும்மா" என்று தென்றல் சட்டென்று குறுக்கே சொன்னாள். படகுக்காரரிடமும் விட்டுவிடுங்கள் என்று ஜாடை காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. பாவம், தன் கதையைச் சொல்கிற உற்சாகம் அவருக்கு. மழை இல்லாமல் வருடக்கணக்கில் வறண்டு போய்க் கிடந்தது, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது, பையன்கள் இங்கே கிரிக்கெட் ஆடினார்கள், தீவுக்கு ஜீப்பில் போனார்கள், ஒட்டகம் போனது என்றார். தன் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அகமதாபாத்தில் போய் ஆட்டோ ஓட்டியதாகவும், மறுபடி தண்ணீர் வந்தது இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். மூத்த மகன் அந்த வறட்சியில்தான் பிறந்தான், எப்படி மறக்கும் என்றார்.

படகு தீவைச் சுற்றி வந்தது. கல் யானைகள் வரிசையாக நின்றன. தென்றல் காட்டினாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கரையேறிப் படித்துறையில் உட்கார்ந்தார்கள். அக்கா புத்தகத்தை மகள் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உனக்கு முன்னயே தெரியுமா?"

"ரயில்ல படிக்கறப்ப சந்தேகம் வந்துச்சும்மா. அவர் உன்கிட்ட சொன்னதெல்லாம் இதுல அப்படியே இருக்கு. தேதிய பாத்துட்டு, போயிருப்பார்னுதான் நெனச்சேன்."

"படி."

"வேணாம்மா."

"படிடீன்னா."

தென்றல் ஏரியைப் பற்றிய பக்கத்தை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள். தண்ணீர் கைக்கு எட்டும். தூரத்து மலை தலைகீழாகத் தெரியும். அவள் வாசித்து முடிப்பதற்கு முன்பே அக்கா அடுத்த வரியைச் சொன்னாள். ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை. சொல்லி முடித்ததும் படித்துறையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அப்போ இன்னாத்த பாத்தாரு? அந்தாளு இன்னாத்ததான் பாத்தாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

மீதி இரண்டு நாளும் அவள் ஓட்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தென்றல் போய் ரொட்டி வாங்கி வந்து கொடுத்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள்.

ஊருக்கு வந்த மறுநாள், வேலைக்குக்கூட வராமல், நேராக நந்திதுர்க்குக்கு நடந்து போனாள். சிவகுமாருக்கு இப்போது நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வா அண்ணி" என்றார். இருபது வருடம் கழித்து.

"சிவா, ஒன்னே ஒன்னு கேக்கணும். ஞாயித்துக்கிழமையில அந்தாளு இன்னா பண்ணாரு?"

அவர் அக்கா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"கீழ எறங்குவான் அண்ணி. எல்லாரும் ஞாயித்துக்கிழமை தூங்குவோம். அவன் மட்டும் கேட்டு வாங்கிக்கினு எறங்குவான். ஞாயிறு எறங்குனா அத லீவுல சேத்துக் குடுப்பாங்க. அப்படி சேத்து வெச்சித்தான் அந்தப் புத்த பூர்ணிமாவுக்குப் பத்து நாள் வந்தான். மைன்ஸ் கேட்டுக்குப் பக்கத்துல போன் பூத்து. பத்து மணிக்கு உன்கிட்ட பேசுவான், பத்தரைக்குக் கேஜ். அதனால ஹெல்மெட்டு, லைட்டு எல்லாம் மாட்டிக்கினே பேசுவான்."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவ டவுனுக்குப் போனோம்" என்றார் சிவகுமார். "போன புதுசுல, எனக்குக் கண்ணுல கல்லு தெறிச்சிது, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனான். பஸ் ஸ்டாண்டுல இந்த புக்க வாங்கினான். ஏரிய பாத்துட்டுப் போலாம்னு நடந்தோம். போனா இன்னா ஏரி? வெறும் மண்ணு. பசங்க கிரிக்கெட் ஆடுறானுங்க. ரொம்ப நேரம் நின்னுக்கினே இருந்தான். அரமனைய பாக்கலாம்டான்னேன். பஸ்ஸு போயிடும் வாடான்னுட்டான். அப்புறம் புக்குல தெரியாத வார்த்தைய எல்லாம் என்னாண்ட கேட்டுக் கேட்டு சனிக்கிழமை ராவே படிச்சி வெச்சிக்குவான். சொன்னதையே திருப்பிச் சொல்லிடக் கூடாதுன்னு தேதி போட்டுக்குவான்."

"எதுக்குடா இந்தப் பொய்யின்னு நீ கேக்கலயா சிவா?"

"கேட்டேன் அண்ணி. 'வாரா வாரம் அவகிட்ட இன்னா பேசறது? ரூம்ல பதினோரு பேரு படுத்திருக்கறத சொல்லவா, கீழ எறங்கறத சொல்லவா? அவ அழாம கேக்கறா சிவா'ன்னான். 'ஏரில தண்ணி இல்லன்னு அவளுக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்'னான்."

சிவகுமாருக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவரிடம் அதைச் சொன்னாள். வேறு யாரிடமும் அதுவரை சொல்லாததை.

"உன்ன இருபது வருஷம் திட்டிக்கினு இருந்தேன் சிவா. எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாள் வந்தாரே, மொத நாளே சோத்துல கை வெக்கறப்ப நகத்த பாத்தேன். எங்கப்பன் நகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஸ்டோர்ல வேல பாக்கறவன் நகமா அது? பாத்தும் கேக்கல. கேட்டா ஆமான்னுடுவாரு. ஆமான்னா போகாதன்னு சொல்லணும். போகாட்டி வீட்ல இன்னா பண்றது? அதான் பேசாம கொழம்ப ஊத்தினேன்."

சிவகுமார் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாராம்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னது அதற்கு அடுத்த வாரம். அன்று ரயிலில் கூட்டம், இருவரும் கதவோரம் நின்றுகொண்டுதான் போனோம். நான், "பாசத்துலதானேக்கா சொல்லியிருக்காரு" என்றேன். எல்லாரும் சொல்லக்கூடியதுதான்.

"பாசந்தான்டி. இல்லன்னு யாரு சொன்னா? அவரு மேல கோவம் இருந்தப்ப எனக்கு ஒரு பிடி இருந்துச்சு. பொய்யன்னு திட்டினா, அன்னிக்கி பொழுது ஓடிடும். இப்ப திட்டவும் முடியல. அவரு ஏரியில சுத்தினாருன்னு நெனச்சிக்கவும் முடியல. நேத்துதான் செத்த மாதிரி கீது" என்றாள்.

தென்றலின் கல்யாணம் ஜனவரியில் எங்கள் புத்த விகாரையில் நடந்தது. பத்திரிகையில் வேந்தன் பெயரை எப்படிப் போடுவது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டபோது, அப்பா பெயரோடு கோல்டு மைன்ஸ் என்றும் சேர்த்துப் போடச் சொன்னாள் அக்கா. சிவகுமாரை ஆட்டோ வைத்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பிக்கு ஓதி முடித்து, பெற்றவர்கள் பூப் போடலாம் என்றதும், அக்கா தட்டைக் கையில் வாங்கினாள். பக்கத்தில் வேந்தன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டு கையிலிருந்து நழுவ, அப்படியே தரையில் உட்கார்ந்து, நான் இதுவரை கேட்டிராத குரலில் அழ ஆரம்பித்தாள். இருபது வருடத்துக்கு முன்னால், சாம்பல் வந்த அன்றுகூட அவள் அழவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

மகளைப் பிரிகிற வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். "பெங்களூர்ல தானேம்மா இருக்கப் போறா, நெனச்சா வந்து பாத்துக்கலாம்" என்று தேற்றினாள். தென்றல் மாலையும் கழுத்துமாகக் கீழே உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவை அழ விடாதே, எழுந்திரு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிக்குவும் காத்திருந்தார். நான் சிதறிய பூவைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அழுகை நிற்கவில்லை.